இரும்புச் சுறாவைப் பிடித்த கைகள்

சிகாகோ என்ற பெயரைக் கேட்டதும் உழைப்பாளியின் உள்ளத்தில் என்ன நினைவு எழும்? 1886ஆம் ஆண்டின் மே மாதம் எழும். எட்டு மணி நேர வேலை கேட்டுத் திரண்டவர்களும், வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் சிந்திய இரத்தமும், அதன் பின்னர் நாட்டப்பட்ட தூக்குமரமும் நினைவுக்கு வரும்.

அதே சிகாகோவில் இன்னொன்றும் இருக்கிறது. சிகாகோ கடற்கரைப் பட்டினமல்ல, ஏரிக்கரை நகரம். உப்புக் காற்று வேண்டுமென்றால் பல நூறு மைல் போகவேண்டும். அந்த நகரத்தின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்திலே, நிலத்துக்கடியில் அமைந்த பெரியதொரு கூடத்திலே, 252 அடி நீளமுள்ள போர்க்கப்பல் ஒன்று படுத்துக் கிடக்கிறது. அமெரிக்கா கட்டிய கப்பலல்ல. இட்லரின் ஜெர்மனி கட்டிய நீர்மூழ்கிக் கப்பல். பெயர் என்று எதுவும் சூட்டவில்லை. எண்தான் உண்டு — யு-505.

ஆண்டுதோறும் மக்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். "இந்த இரும்புச் சுறாவைப் பிடித்தது யாரப்பா?" என்று குழந்தை கேட்கிறது. "காப்டன் காலரி பிடித்தார்" என்று விடை வருகிறது. விடை தவறல்ல, ஆனால் முழு விடையுமல்ல! கோட்டையைக் கட்டியவன் யார் என்றால் மன்னன் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது உலக வழக்கம். கல் சுமந்தவன் கணக்கில் வருவதில்லை. இந்தக் கதையிலாவது கல் சுமந்தவர்களைக் கணக்கில் எடுப்போம், வாருங்கள்.

கடலடியில் காத்திருந்த காலன்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் ஒரு தீவு என்பதே அதன் பலம். அதுவே அதன் பலவீனமும்கூட. உண்ணும் உணவு, ஓட்டும் எண்ணெய், சுடும் குண்டு எல்லாம் கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்து வரவேண்டும். கடல்வழியை அறுத்துவிட்டால் தீவு தானே பட்டினியில் மண்டியிடும் என்று கணக்குப் போட்டது இட்லரின் கடற்படை. அதற்காக ஏவப்பட்டவைதாம் இந்த நீர்மூழ்கிக் கப்பல்கள்.

இவை எப்போதும் நீருக்குள்ளேயே வாழ்ந்தவையல்ல. நீர்மட்டத்திலே டீசல் எஞ்சினால் ஓடும். அப்போதே மின்கலங்களில் மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும். வேட்டைக்கும் ஒளிவதற்கும் நீரில் மூழ்கி, அந்த மின்சாரத்தைக் கொண்டு ஓசையின்றி நகரும். மின்சாரம் தீர்ந்தால், மூச்சுக்காற்றுத் தீர்ந்தால், மேலே வந்தாக வேண்டும். மேலே வந்தால் விமானம். கீழே இருந்தால் ஆழ்நீர்க் குண்டு. கொல்லப் போனவனும் சாவின் மடியிலேதான் படுத்திருந்தான். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சென்ற ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரில் நான்கில் மூவர் வீடு திரும்பவில்லை.

அவர்களால் கொல்லப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் சிப்பாய்களல்ல; சம்பளத்துக்குக் கப்பலேறிய வணிகக் கப்பல் தொழிலாளர்கள்! எஞ்சின் அறையில் எண்ணெயும் கரியுமாய் நின்றவன், சமையற்கட்டில் வெந்தவன், கயிறு இழுத்தவன். குண்டு பாய்ந்ததும் முதலில் மூழ்குவது எஞ்சின் அறைதான். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் அடித்தட்டிலே 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் ஆயிரம் ஆயிரமாய் உழைத்தனர். அந்தப் போரிலே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளை மாலுமிக்கு ஒரு கூலி, இவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்கு. சாவு மட்டும் இருவருக்கும் சரிசமம்!

யு-505 ஹாம்பர்க் நகரிலே கட்டப்பட்டு, 1941 ஆகஸ்டிலே கடற்படையில் சேர்ந்தது. தன் வாழ்நாளில் எட்டுக் கப்பல்களை மூழ்கடித்தது. அதுவும் அடி வாங்காமல் இல்லை. 1942 நவம்பரிலே டிரினிடாட் தீவருகே பிரிட்டிஷ் விமானம் ஒன்று மிகத் தாழ்ந்து வந்து குண்டு வீசியது. அந்த வெடிப்பிலே விமானமே நொறுங்கி விழுந்தது. யு-505 குற்றுயிராய்ப் பிரான்சு நாட்டின் லோரியான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான், தோழர்களே, நாம் தேடும் கைகளில் முதல் சில கைகளைக் காண்கிறோம்.

பட்டறையிலே ஒரு போர்

லோரியான் அப்போது ஜெர்மானியரின் பிடியிலிருந்தது. கப்பலைப் பழுது பார்க்க ஜெர்மானியர் வேண்டும். அவர்கள் போதாமல், அந்த ஊர்ப் பிரெஞ்சுத் தொழிலாளரும் வேண்டும். அடிமைப்பட்ட நாட்டுத் தொழிலாளி, ஆண்டான் கப்பலுக்கு ஆணியடிக்க வேண்டும். மறுத்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் மறுக்கவில்லை. கூலி வாங்கினார்கள், குனிந்து வேலை செய்தார்கள். ஆனால் எப்படிச் செய்தார்கள்?

1943ஆம் ஆண்டிலே யு-505 துறைமுகத்தை விட்டுப் புறப்படும். சில நாளில் திரும்பி வரும். மீண்டும் புறப்படும், மீண்டும் திரும்பும். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பயணங்கள் இப்படிப் பாதியிலே முறிந்தன. கருவி கெட்டது ஒரு காரணம். கெடுத்தது இன்னொரு காரணம். எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறைமுகத் தொழிலாளரின் கைவரிசை அது! வேல் இல்லை, வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. இருந்ததெல்லாம் கைத்தொழில் ஒன்றுதான். ஒரு பொருளைச் செம்மையாகச் செய்யத் தெரிந்தவனுக்கே, அது எங்கே பழுதாகும் என்பதும் தெரியும். ஜெர்மானியக் காவலன் பார்க்கும்போது சரியாக இருந்த கப்பல், கடலுக்குள் போனதும் கண்ணீர் விட்டது. மற்றக் கப்பல்காரர்களின் கேலிக்கு ஆளாயிற்று யு-505.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. 1943ஆம் ஆண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் பலவும் வரிசையாக மடிந்த ஆண்டு. யு-505 அப்போது கடலில் நெடுநாள் இருந்திருந்தால், அதுவும் அட்லாண்டிக்கின் அடியிலே போயிருக்கக் கூடும். கெடுக்க நினைத்த பிரெஞ்சுத் தொழிலாளியின் கை, அதைக் கரையிலே கட்டிப்போட்டது. கட்டிப்போட்டதனாலேயே அது பிழைத்துக் கிடந்தது. பிழைத்துக் கிடந்ததனாலேயே பின்னொரு நாள் பிடிபட்டது!

அந்த ஆண்டு அக்டோபரிலே கடைசியில் ஒருவழியாகக் கடலுக்குள் போனது. ஆழ்நீர்க் குண்டுகள் நாலாபுறமும் அதிர, அதன் தளபதி பீட்டர் செக் தன் மாலுமிகள் கண்ணெதிரிலேயே தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். இரண்டாம் அதிகாரி கப்பலை மீட்டுத் துறைமுகம் சேர்த்தான். அதற்குப்பின் ஹரால்டு லாங்கே என்பவன் தலைவனாக வந்தான். 1944ஆம் ஆண்டின் கோடையிலே அந்தக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உலவிக்கொண்டிருந்தது.

காலரியின் கணக்கு

இப்போது காலரியைக் காண்போம். டேனியல் காலரி — பிறந்த ஊர் சிகாகோ. 'குவாடல்கனால்' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தலைவர். அதனோடு 'பில்ஸ்பரி', 'சாட்டலேன்', 'ஜெங்க்ஸ்', 'போப்', 'பிளாகர்ட்டி' என்ற ஐந்து காவற் கப்பல்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதே இவற்றின் வேலை.

1944 ஏப்ரலிலே யு-515 என்ற கப்பலை இவர்கள் அடித்து மேலே கொண்டுவந்தனர். அது உடனே மூழ்கவில்லை. சிறிது நேரம் நீர்மேல் கிடந்து பிறகுதான் மூழ்கியது. மற்றவர் அதைக் கண்டு மகிழ்ந்தனர். காலரி அதைக் கண்டு கணக்குப் போட்டார். 'அந்தச் சிறிது நேரத்துக்குள் நம் ஆட்கள் ஏறியிருந்தால்?' என்பதே கணக்கு. அடுத்த பயணம் புறப்படுமுன், ஒவ்வொரு காவற் கப்பலிலும் பாய்ந்தேறும் குழு ஒன்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். எதிரியின் போர்க்கப்பலை நடுக்கடலில் ஏறிப் பிடிப்பது அமெரிக்கக் கடற்படைக்கு 1815ஆம் ஆண்டுக்குப்பின் நேராத நிகழ்ச்சி. சிலர் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்! புதிதாய் ஒன்றைச் செய்யப் புறப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்காத காலம் எது?

தலைவனின் பங்கைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. திட்டம் அவருடையது, துணிவு அவருடையது, பழி வந்தால் சுமக்கும் தோளும் அவருடையது. ஆனால் திட்டம் என்பது தாளில் கிடப்பது. அதற்கு உயிர் கொடுப்பது கை!

1944, ஜூன் 4

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணியைக் கடந்து பத்து நிமிடம் ஆகவில்லை அல்லது சற்றே ஆயிற்று. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு நீருக்கடியில் இருப்பதை அறியும் கருவியின்முன் அமர்ந்திருந்த 'சாட்டலேன்' கப்பலின் காதுகளுக்கு ஏதோ எட்டியது. மேலே பறந்த இரண்டு சண்டை விமானங்களின் ஓட்டிகள் நீருக்குள் நிழலைக் கண்டனர். அது இருக்கும் இடத்தைக் காட்ட நீரின்மீது சுட்டனர். 'சாட்டலேன்' ஆழ்நீர்க் குண்டுகளை இறக்கியது. முதல் தாக்குதல் தொடங்கி ஏழு நிமிடம் ஆவதற்குள் யு-505 நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது.

லாங்கே வெளியே வந்தான், குண்டடிபட்டு விழுந்தான். கப்பலைக் கைவிடவும் மூழ்கடிக்கவும் கட்டளை பிறந்தது. மாலுமிகள் கடலில் குதித்தனர். ஒருவன் மாண்டான், 58 பேர் பிடிபட்டனர். ஆளில்லாத கப்பல் நின்றதா? இல்லை! சுக்கான் ஒருபக்கமாய் இறுகிக்கொள்ள, மின்விசைப் பொறி ஓடிக்கொண்டே இருக்க, செக்குமாட்டைப்போல் வட்டமடித்தது. வட்டமடித்தபடியே பின்புறம் தாழ்ந்து நீரில் அமிழ்ந்துகொண்டிருந்தது.

'பில்ஸ்பரி'யிலிருந்து சிறு படகொன்று இறங்கியது. வட்டத்தின் உட்புறமாக வெட்டி ஓடி அந்தக் கப்பலை எட்டிப் பிடித்தது. படகிலே இருந்த குழுவுக்குத் தலைவர் ஆல்பர்ட் டேவிட். இவர் யார்? கடற்படைக் கல்லூரியில் பயின்று பதவியேற்றவரல்ல. 1919இலே கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, எஞ்சினோடு எஞ்சினாக வளர்ந்து, நாற்பதாம் வயதை ஒட்டி அதிகாரியானவர். அவரும், நிஸ்பெல், உடோவியாக் என்ற இருவரும் முதலில் அந்தப் பிலத்துக்குள் இறங்கினர்.

ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உள்ளே பகைவர் பதுங்கியிருக்கிறார்களா, தெரியாது. தகர்ப்பதற்கான வெடிப்பொதிகள் எந்த நொடியில் வெடிக்கும், தெரியாது. கப்பல் இன்னும் எத்தனை நிமிடம் மிதக்கும், தெரியாது. இவர்களில் எவரும் இதற்குமுன் நீர்மூழ்கியில் பணியாற்றியவருமல்லர். தெரிந்தது ஒன்றே ஒன்று: வேலை. அந்த வேலைக்காக இருட்டுக்குள் இறங்கினார்கள்.

உள்ளே எவரும் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது, பெருகிக்கொண்டும் இருந்தது. போகிற போக்கிலே ஜெர்மன் மாலுமி ஒருவன் கடல்நீர்க் குழாயின் வடிகட்டி மூடியைக் கழற்றிவிட்டுப் போயிருந்தான். கழற்றியவன், பாவம், மூடியைக் கடலில் எறியவில்லை, அங்கேயே போட்டுவிட்டான். ஸீனன் லூக்கோசியஸ் என்ற எஞ்சின் தொழிலாளி அதைத் தேடிக் கண்டெடுத்தான், பீறிடும் நீரை எதிர்த்துப் பொருத்தினான், திருகி இறுக்கினான். நீர் நின்றது!

சிகாகோ அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் அத்தனை டன் இரும்பும் அந்த ஒரு மூடியின்மேல்தான் நிற்கிறது. பீரங்கியும் விமானமும் கப்பலை மேலே கொண்டுவந்தன. மூழ்காமல் காத்தது ஒரு மரை திருகத் தெரிந்த கை. லேத்துப் பட்டறையிலும் ரயில்வே ஒர்க்ஷாப்பிலும் நிற்கும் தோழன் இதைப் படித்தால் அவனுக்கு விளக்கவுரை தேவையில்லை. பத்தாயிரம் ரூபாய் எஞ்சினைப் பத்துக் காசு வாஷர் நிறுத்திவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

இழுத்துச் சென்ற அறிவு

பிடித்தாயிற்று, கொண்டுபோவது எப்படி? 'பில்ஸ்பரி' அருகே நெருங்கி இழுக்கப் பார்த்தது; நீர்மூழ்கியின் முன்புறச் சிறகு அதன் வயிற்றையே கிழித்துவிட்டது. பிறகு விமானந்தாங்கியே இழுவைக் கயிறு கட்டி இழுத்தது. இரவிலே கயிறு அறுந்தது. மறுநாள் வேறு கயிறு கட்டினார்கள்.

கப்பலின் பின்புறம் அமிழ்ந்தே கிடந்தது. உள்ளிருக்கும் நீரை இறைக்கப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்கலங்களோ தீர்ந்துகொண்டிருந்தன. ஜெர்மன் எழுத்துப் பொறித்த திருகுகளின்மேல் கைவைக்க அஞ்சினார்கள்; தவறான ஒன்றைத் திறந்தால் தாங்களே மூழ்கடித்தவராவோம் என்ற அச்சம்.

இங்கேதான் ஏர்ல் டிராசினோ வருகிறார். 'குவாடல்கனா'லின் தலைமை எஞ்சினீயர். போருக்குமுன் எண்ணெய்க் கப்பல்களில் எஞ்சின் ஓட்டியவர். நீர்மூழ்கியைப் பற்றி அவருக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தந்ததில்லை. என்ன செய்தார்? எஞ்சின்களுக்கு அடியிலே, எண்ணெயும் உப்புநீரும் கலந்த சேற்றிலே, வயிற்றால் ஊர்ந்தார். ஒவ்வொரு குழாயையும் தொட்டுத் தொட்டுத் தொடர்ந்தார்: இது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? கப்பல் எந்த நேரமும் மூழ்கலாம். மூழ்கினால் அந்த இடுக்கிலிருந்து அவர் மீள வழியே இல்லை.

குழாயெல்லாம் புரிந்தபின் அவர் செய்ததுதான் அழகு! டீசல் எஞ்சின்களை மின்விசைப் பொறிகளிலிருந்து கழற்றிவிட்டார். விமானந்தாங்கி வேகமாய் இழுக்க, நீரின் விசையால் நீர்மூழ்கியின் விசிறிகள் தாமே சுழன்றன, விசிறி சுழல, பொறி சுழன்றது, பொறி சுழல, மின்சாரம் பிறந்தது, மின்கலம் நிறைந்தது, பம்பு ஓடியது, நீர் வெளியேறியது, கப்பல் நிமிர்ந்தது. பகைவன் கப்பலைப் பகைவன் பொறியாலேயே பிழைக்க வைத்தார்.

'அப்நாகி' என்ற இழுவைக் கப்பல் வந்து கயிற்றைப் பெற்றுக்கொண்டது. ஜூன் 19ஆம் நாள், பெர்முடா தீவுக்கு யு-505 வந்து சேர்ந்தது.

மூவாயிரம் பூட்டுகள்

இனிதான் அரிய பகுதி. கப்பலுக்குள்ளே என்ன கிடைத்தது? செவியறிவு கொண்டு இலக்கைத் தேடிச்செல்லும் புதுவகை டார்ப்பிடோ கிடைத்தது. அதனினும் பெரிது: இரண்டு எனிக்மா இயந்திரங்களும், நூற்றுக்கணக்கான பவுண்டு எடையுள்ள சங்கேதப் புத்தகங்களும் வரைபடங்களும் கிடைத்தன. எனிக்மா என்பது தட்டச்சுப் பொறியைப் போன்ற ஒரு கருவி. தட்டிய சொல்லை எவருக்கும் விளங்காத எழுத்துக் குவியலாக மாற்றித் தரும். நேசநாடுகள் ஜெர்மன் கடற்படையின் சங்கேதத்தை முன்பே படித்து வந்தன. ஜெர்மானியருக்கு அது தெரியாது. அப்போது வழக்கிலிருந்த சங்கேதங்களே கைக்கு வந்தது பேருதவி. ஆனால் ஒரு நிபந்தனை: பிடிபட்ட செய்தி பெர்லினுக்கு எட்டக்கூடாது. எட்டினால் சங்கேதம் மாறும். மாறினால் ஆண்டுக்கணக்கான உழைப்பு அத்தனையும் பாழ். அதுவும் எந்த வேளை? நார்மண்டிக் கரையிலே நேசப்படைகள் இறங்குவதற்கு இரண்டே நாள் இருந்த வேளை!

அதனாலேதான் அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி கிங், காலரியைப் பாராட்டுவதற்கு மாறாகக் கடுஞ்சினம் கொண்டார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாமா என்றுகூட எண்ணினார். காலரியைக் காத்தது எது? அவருடைய ஆட்களின் வாய்ப்பூட்டுதான்!

அந்தக் கப்பற்குழுவிலே இருந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பெரும்பாலும் இருபது வயது இளைஞர்கள். வாழ்நாளில் ஒருமுறை நிகழும் அருஞ்செயலைக் கண்ணால் கண்டவர்கள். தாய்க்கு எழுத ஆசையிருக்காதா? காதலியிடம் சொல்ல ஆசையிருக்காதா? கடைத்தெருவிலே மார்தட்ட ஆசையிருக்காதா? சட்டைப்பையில் போட்டு வைத்த நினைவுப் பொருள்களைக்கூடத் திருப்பித் தரச் சொன்னார்கள், தந்தார்கள். சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை. பிடிபட்ட கப்பலுக்கு 'நீமோ' என்று பொய்ப்பெயர் இட்டார்கள். மூவாயிரம் பேருக்குத் தெரிந்த மறைபொருள், போர் முடியும்வரை பகைவன் செவிக்கு எட்டவில்லை. 1945 மே மாதம், ஜெர்மனி சரணடைந்தபின், கடற்படையே வெளியிட்ட பிறகுதான் உலகம் அறிந்தது.

மூவரிடம் சொன்ன செய்தி மூன்று நாழிகை தங்காத உலகில் இது எப்படி நடந்தது? மிரட்டல் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மிரட்டல் மட்டுமே மூவாயிரம் நாவைக் கட்டிவிடாது. தன் புகழைவிடத் தன் தோழனின் உயிர் பெரிதென்று ஒவ்வொருவனும் உணர்ந்தால்தான் இது நடக்கும். மேடையிலே முழங்குவது வீரம் என்று நாம் பழகிவிட்டோம். நானும் மேடையில் முழங்குகிறவன்தான். வாய் மூடி நிற்பதும் வீரம் என்பதை அந்த இளைஞர்களிடம் நாம் கற்கவேண்டும்.

மறைத்ததற்கு விலை

ஆனால் தோழர்களே, வெற்றியைப் பாடும்போது விலையையும் சொல்வதுதான் நேர்மை. விலை கொடுத்தவர்கள் யார்? பிடிபட்ட 58 பேரின் வீட்டார்!

போர்க்கைதி ஒருவன் பிடிபட்டால் அவன் நாட்டுக்கு அறிவிக்கவேண்டும்; அவன் வீட்டுக்குக் கடிதம் எழுத விடவேண்டும். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை சொல்வது இது. யு-505 மாலுமிகளுக்கு இந்த உரிமை மறுக்கப்பட்டது. லூயிசியானா மாநிலத்தின் ரஸ்டன் முகாமில் மற்றவரோடு கலவாமல் தனியே அடைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தார்கூட அணுகவில்லை. கப்பல் திரும்பவில்லை, செய்தியும் இல்லை, மாண்டார்கள் என்றே ஜெர்மன் கடற்படை முடிவு கட்டியது. உயிரோடிருக்கும் மகனுக்காகத் தாய் அழுதாள். உயிரோடிருக்கும் கணவனுக்காக மனைவி கைம்மைத் துயர் கொண்டாள். போர் முடிந்தபிறகும் அவர்களில் சிலர் வீடு திரும்ப 1947 ஆயிற்று.

அந்த மாலுமிகள் நாஜிக் கொடியின்கீழ் கப்பல்களை மூழ்கடித்தவர்கள் அல்லவா என்பீர்கள். ஆம், அந்த எட்டுக் கப்பல்களை நான் மறக்கவில்லை. செய்தி கசிந்திருந்தால் இன்னும் எத்தனை தொழிலாளர் மூழ்கியிருப்பார்கள் என்பதையும் எண்ணாமலில்லை. தேவை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தேவைப்பட்ட கொடுமையும் கொடுமைதான்! அதைக் கணக்கில் எழுதாமல் வெற்றியை மட்டும் எழுதினால், அடுத்த தடவை தேவை இல்லாதபோதும் அதையே செய்வோம். ஜெர்மன் தாய் இட்லருக்காக அழவில்லை, பிள்ளைக்காக அழுதாள்.

அடுக்களைப் பையனும் அருங்காட்சியகமும்

யு-505 மட்டுமே பிடிபட்டதென்று எண்ணிவிடாதீர்கள். 1941 மே மாதமே பிரிட்டிஷார் யு-110 என்ற கப்பலில் ஏறிச் சங்கேதங்களைக் கைப்பற்றினார்கள். 1942 அக்டோபரிலே மத்தியதரைக் கடலில் யு-559 மூழ்கிக்கொண்டிருந்தபோது, 'பெட்டார்டு' கப்பலைச் சேர்ந்த ஃபாசன், கிரேசியர் என்ற இருவர் உள்ளே நுழைந்து புத்தகங்களை எடுத்து எடுத்துத் தந்தனர். கப்பலோடு தாங்களும் மூழ்கினர். வாங்கி வாங்கி மேலே சேர்த்தவன் டாமி பிரவுன் — கப்பற் சிற்றுண்டிச்சாலையில் எடுபிடி வேலை பார்த்த பையன், வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன், வயது பதினாறு! அந்தக் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. எந்த அருங்காட்சியகத்திலும் அது இல்லை. அந்தப் பையன் தூக்கிக் கொடுத்த காகிதமோ போரின் போக்கையே மாற்ற உதவியது.

யு-505உம் கடலுக்குள் போயிருக்க வேண்டியதுதான். போருக்குப்பின் அதைப் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறையிலே துருப்பிடிக்க விட்டார்கள். உள்ளிருந்த கருவிகளைக் கழற்றினார்கள். குண்டெறிந்து பழகுவதற்கு இலக்காக்கி மூழ்கடிக்க எண்ணினார்கள். காலரியும் பாதிரியாரான அவர் உடன்பிறந்தாரும் சிகாகோ அருங்காட்சியகத் தலைவர் லெனாக்ஸ் லோரை அணுகினர். சிகாகோ மக்கள் இரண்டரை இலட்சம் டாலர் திரட்டினர். 1954ஆம் ஆண்டிலே செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியாகவும் பேரேரிகளின் வழியாகவும் கப்பலை இழுத்துவந்து, செப்டம்பர் மாதத்து இரவொன்றிலே, ஏரிக்கரைப் பெருஞ்சாலையை மறித்து, உருளைகளின்மேல் வைத்துச் சாலையைக் கடக்கச் செய்தனர். செப்டம்பர் 25ஆம் நாள், அட்லாண்டிக் போரில் மாண்ட மாலுமிகளின் நினைவுச் சின்னமாக அது திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு பனியும் மழையும் தின்றபின், 2004இலே நிலத்துக்கடியில் கட்டிய கூடத்துக்கு நகர்த்தி, 2005இலே மீண்டும் திறந்தனர்.

கழற்றப்பட்டுப்போன கருவிகளுக்கு என்ன செய்தார்கள்? அவற்றை முதலில் செய்த ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கே லோர் எழுதினார். அவர்கள் மறுக்கவில்லை, விலை கேட்கவுமில்லை, அனுப்பிவைத்தார்கள். கப்பல் தோற்றது, நாடு தோற்றது. ஆனால் தங்கள் கைவேலை குறையோடு உலகத்தின் கண்முன் நிற்கக் கூடாது என்று எண்ணினார்கள். தொழிலாளிக்கே உரிய மானம் அது!

ஆல்பர்ட் டேவிட் அந்த அருங்காட்சியகத்தைக் காணவில்லை. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வருமுன், 1945 செப்டம்பரிலே அவர் மாரடைப்பால் இறந்தார். அடுத்த மாதம் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அந்தப் பதக்கத்தை அவர் மனைவியிடம் தந்தார்.

ஆகவே, தோழர்களே, "இரும்புச் சுறாவைப் பிடித்தது யார்?" என்று குழந்தை கேட்டால், காலரி பிடித்தார் என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். லோரியான் பட்டறையிலே குனிந்து நின்ற பிரெஞ்சுத் தொழிலாளி பிடித்தான் என்று சொல்லுங்கள். கருவியின்முன் காதைத் தீட்டி அமர்ந்தவன் பிடித்தான் என்று சொல்லுங்கள். இருட்டுக்குள் இறங்கிய டேவிட்டும், மூடியைத் திருகிய லூக்கோசியசும், சேற்றில் ஊர்ந்த டிராசினோவும், வாய் திறவாத மூவாயிரம் பேரும் பிடித்தார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்த தாய்மார்களையும் சொல்லுங்கள்.

மே நாளின் சிகாகோ நமக்கு ஒன்றைச் சொன்னது: உழைப்பவன் கை நின்றால் உலகம் நிற்கும். அருங்காட்சியகத்துக் கப்பலும் அதையேதான் சொல்கிறது — எழுத்தால் அல்ல, ஒரு மூடியால்!